தடை ரத்தானதாகச் செய்தி வந்தால்

“தடையை கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சாமே, இனி வாங்கலாம்தானே?” ஏஆர்-15 என்ற அரைத் தானியங்கித் துப்பாக்கி பற்றி, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் வக்கீலாக இருக்கும் என்னிடம் இங்குள்ள நம்மவர்கள் கேட்கிற கேள்வி இது. வாங்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

2022 ஜூலை 4 அன்று, இல்லினாய்ஸின் ஹைலேண்ட் பார்க் நகரில் நடந்த சுதந்திர தின அணிவகுப்பில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஜனவரியில் மாநில அரசு இவ்வகைத் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடை செய்தது. உடனே வழக்குகள் குவிந்தன. 2023 ஏப்ரல் 28 அன்று ஃபெடரல் நீதிபதி மெக்ளின் சட்டத்தை நிறுத்திவைத்தார். ஆறே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு ஸ்டே கொடுத்தது. 2024 நவம்பரில் சட்டமே செல்லாது என்று மெக்ளின் தீர்ப்பெழுதினார். டிசம்பரில் அதற்கும் ஸ்டே. செய்தித் தலைப்பு தீர்ப்போடு நின்றுவிடுகிறது, ஸ்டே பற்றிய செய்தி யார் கண்ணிலும் படுவதில்லை.

சண்டை எதைப் பற்றி? ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தருவது அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம். மக்களிடம் பரவலாகப் புழங்கும் ஆயுதத்துக்கு அதன் பாதுகாப்பு உண்டு என்பது உச்ச நீதிமன்றத்தின் 2008-ன் ஹெல்லர் தீர்ப்பு. துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது அதே நீதிமன்றத்தின் 2022-ன் புரூயன் தீர்ப்பு. லட்சக்கணக்கானோர் வைத்திருக்கிறார்களே என்கிறார்கள் வழக்குப் போட்டவர்கள். ராணுவத்தின் எம்-16க்கு நெருங்கிய உறவு இது என்கிறது அரசு. 2023 நவம்பரில், இல்லினாய்ஸின் நேப்பர்வில் நகரத் துப்பாக்கிக் கடைக்காரர் தொடுத்த பெவிஸ் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் சாய்ந்தது. இந்தத் தடை நிலைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் புரூயன் அளவுகோலில் அது எளிதாகத் தேறிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது.

மேரிலாந்து மாநிலத்தின் இதே மாதிரியான தடையை எதிர்த்த வழக்கை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது. அதனால் தடை செல்லும் என்று தீர்ப்பானதாக நினைக்க வேண்டாம். எடுத்திருக்கலாம் என்றார்கள் 3 நீதிபதிகள். மறுத்தவர்களில் ஒருவரான கவனாவும், சீக்கிரமே இதை விசாரிக்க வேண்டியிருக்கும் என்று எழுதினார்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஹெச்1பி வேலை விசா, எஃப்1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்க ஃபெடரல் சட்டமே தடை போடுகிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு இருந்தாலும், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்த அது காரணமாகலாம். தடைக்கு முன்பே இவ்வகைத் துப்பாக்கி வாங்கியவர்கள் 2024 ஜனவரி 1-க்குள் மாநில போலீஸிடம் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விட்டவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காமல், அதை விற்கவோ வெளியே எடுத்துப் போகவோ நினைப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.