மிளகு போடாத மீன் காரமாக இருந்தது ஏன்?

மாலத்தீவில் எங்களுக்கு அது மூன்றாவது இரவு. கடற்கரை மணலிலேயே மேசை போட்டிருந்தார்கள். சுட்ட சூரை மீன், சோறு, நறுக்கிய எலுமிச்சை. இரண்டாவது வாய் வைத்ததும் மச்சான் முகத்தைச் சுளித்தார். "என்ன மாப்பிள்ளை, மிளகை அள்ளிக் கொட்டியிருக்கான்?" என் தட்டில் இருந்ததும் அதே மீன்தான். எனக்கு மிளகு எதுவும் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் அவர் முகமும் கழுத்தும் சிவந்துவிட்டன. நல்ல மாநிறக்காரர், அவர் சிவந்து யாரும் பார்த்ததில்லை. பகலெல்லாம் தண்ணீரில் கிடந்த வெயில் என்று முதலில் நினைத்தோம். அப்புறம் தலை விண்விண்ணென்று தெறித்தது, நெஞ்சு படபடத்தது, வயிறும் கலங்கியது. தீவின் சுகாதார மையத்தில் இருந்த டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டார். சூரையா சாப்பிட்டீர்கள்? நாக்கில் சுரீரென்று இருந்ததா? ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கொடுத்து, "ஆனால் இது ஒவ்வாமை இல்லை" என்றார். விடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ஒவ்வாமை இல்லாதவருக்கு ஒவ்வாமை மாத்திரை ஏன்? அதற்குச் சூரையின் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

சூரை ஓய்வே அறியாத மீன். நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாயும்; நின்றால் மூச்சு முட்டும். இரையைக் கண்டதும் அம்பு போலப் பாயும். அப்படிப் பாயும்போது தசையில் அமிலம் ஏறும். அதைத் தாங்கிக்கொள்ள அதன் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளமாக இருக்கிறது. போதாததற்கு, பெரும்பாலான மீன்களைப் போல இதன் உடம்பு கடல்நீரின் குளிர்ச்சியிலேயே இருப்பதில்லை. தசையில் பிறக்கும் சூடு வெளியேறிவிடாமல் ரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்று அதைப் பிடித்துவைக்கிறது. ஆகவே தூண்டிலில் மல்லுக்கட்டிப் படகில் வந்து விழும் சூரை, சூடாகவே வந்து விழுகிறது.

உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் அதற்குப் பலம். செத்த பிறகு இதுவே வினை. செவுளிலும் குடலிலும் இருந்த பாக்டீரியாக்கள் சதைக்குள் பரவும். அவற்றில் சில, குறிப்பாக மார்கனெல்லா மார்கனி என்பது, ஹிஸ்டிடினிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடும் நொதியை வைத்திருக்கின்றன. நம்மைக் கெடுப்பது அவற்றின் நோக்கமில்லை. அமிலத்தில் தாக்குப்பிடிக்க அது ஒரு வழி. கார்பன் டை ஆக்சைடு கழன்றதும் மிஞ்சுவது ஹிஸ்டமின். தும்மல், தடிப்பு, அரிப்பு என்று ஒவ்வாமையில் நம் உடம்பே சுரந்து நம்மைப் பாடாய்ப்படுத்தும் அதே வேதிப்பொருள்.

ஒவ்வாமையில் நம் உடம்பின் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் தூண்டப்பட்டு ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. மச்சானுக்கு அந்தச் செல்கள் சும்மாதான் இருந்தன. ஹிஸ்டமின் தயாராகத் தட்டில் வந்தது, அவ்வளவுதான். மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டால் ரத்தத்தில் டிரிப்டேஸ் என்ற பொருள் ஏறும். இந்த வகை மீன் நஞ்சில் அது ஏறுவதில்லை. சந்தேகம் வந்தால் பிரித்தறிய இது ஒரு வழி. இந்த வித்தியாசம் தெரியாமல் "எனக்கு மீன் ஆகாது" என்று ஆயுளுக்கும் மீனைத் துறந்தவர்கள் எத்தனை பேரோ!

சரி, நன்றாகச் சுட்ட மீன்தானே? இங்கேதான் நம் சமையலறை நம்பிக்கை உடைகிறது. நெருப்பில் பாக்டீரியா சாகும், நொதியும் செயலிழக்கும். ஆனால் அதற்கு முன்பே உருவான ஹிஸ்டமின் அசையாது. சுட்டாலும், வறுத்தாலும், டின்னில் அடைத்தாலும், உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. விஷயம் அடுப்புக்கு வருவதற்கு முன்பே, படகிலோ, துறையிலோ, விடுதியின் பின்வாசலிலோ முடிந்துவிட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதலில் காற்றோ நீரோ 28.3 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸில் இருக்க வேண்டும். மாலத்தீவில் 30 டிகிரி சாதாரணம். ஐஸ் வைத்தால் பாக்டீரியா பெருகுவது மட்டுப்படும். தாமதமாக வைத்தால், ஏற்கெனவே உருவான நொதி குளிரிலும் மெதுவாக வேலையைத் தொடரும்.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமின் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கெட்ட மீனில் ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அதுவும் மீன் முழுக்க ஒரே அளவில் இருக்காது. வயிற்றுப் பக்கத் துண்டில் நிறைய, வால் பக்கத்தில் ஒன்றுமில்லை என்றும் இருக்கும். ஒரே மீனைத் தின்ற நான் தப்பியது இப்படித்தான் இருக்க வேண்டும். பார்வைக்கும் மூக்குக்கும் பெரும்பாலும் பிடிபடாது. நாக்கில் சுருக்கென்று தைக்கும் அந்த மிளகுக் காரம்தான் பலருக்கு ஒரே எச்சரிக்கை, அதுவும் எல்லோருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு புதிரும் இருக்கிறது. சுத்தமான ஹிஸ்டமினை அதே அளவு விழுங்கினால் இவ்வளவு பாதிப்பு வருவதில்லை. நம் குடலில் அதை உடைக்கும் நொதி இருக்கிறது. கெட்ட மீனில் கூடவே உருவாகும் கடாவெரின், புட்ரெசின் போன்றவை அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகின்றன என்பது ஒரு விளக்கம். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து கூடுவதும் அந்த மாத்திரையும் இதே நொதியைத் தடுப்பதால்தான்.

இந்த வில்லங்கம் சூரைக்கு மட்டும் சொந்தமில்லை. நம்மூர் அயிலை, மத்தி என்று கருஞ்சதை மீன்கள் பலவற்றிலும் உண்டு. அப்படியானால் ஐஸே இல்லாத காலத்தில் மாலத்தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூரையையே தின்று எப்படி வாழ்ந்தார்கள்?

அவர்கள் அறிந்தோ அறியாமலோ நேரத்தை வென்றார்கள். தோணியில் போய் (அவர்களும் தோனி என்றுதான் சொல்கிறார்கள்) ஒவ்வொன்றாகத் தூண்டிலில் பிடித்த மீனை, கரைக்கு வந்த கையோடு வெட்டி உப்புநீரில் வேகவைத்துவிடுவார்கள். பாக்டீரியா பெருகுவதற்குள் கொதி வந்துவிடும். பிறகு புகை, பிறகு வெயில். கட்டை போல இறுகிய மீனில் ஈரம் இல்லை. ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. 14ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, மீனை நான்கு துண்டாக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிடுவதை எழுதி வைத்திருக்கிறார். அது இந்தியா, சீனா, ஏமன் வரை போனதாம். யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் நாம் மாசி என்று உரலில் இடிப்பது இதைத்தான். மீன் வெந்த சாறு அவர்களுக்குக் கருதியா. அதையே சுண்டச் சுண்டக் காய்ச்சினால் ரிஹாகுரு என்ற பழுப்பு விழுது. ஒன்று மட்டும்: தொடக்க மீன் பழசாக இருந்தால் ஹிஸ்டமினும் சேர்ந்தே சுண்டித் திரளும்.

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா மஸ்ஹுனி பிசைந்தார். புகையிட்ட சூரையை விரலால் உதிர்த்து, வெங்காயத்தையும் மிளகாயையும் எலுமிச்சைச் சாற்றோடு கசக்கி, துருவிய தேங்காயைக் கடைசியில் சேர்த்தார். பக்கத்தில் சுடச்சுட ரொஷி, நம் சப்பாத்தியின் தம்பி. மச்சான் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"காரமா இருக்கு மாப்பிள்ளை."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே குடைமிளகாயின் குட்டி போலிருந்த ஒரு மிளகாயைத் தூக்கிக் காட்டினார். மச்சான் நான்கு ரொஷி சாப்பிட்டார்.