பிஹேவியர் தெரபி: பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

குழந்தை தன் கையையே கடித்துக்கொள்கிறான், தலையைச் சுவரில் முட்டுகிறான், வகுப்பில் உட்காராமல் ஓடுகிறான் என்றால் யாராவது ஒருவர் ‘பிஹேவியர் தெரபி குடுங்க’, அதாவது நடத்தையை மாற்றும் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார். என் அக்கா மகனுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அரசு வழி. 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) பிறப்பிலிருந்து 18 வயது வரை குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். வளர்ச்சியில் குறை இருக்குமோ என்று அவர்கள் சந்தேகப்படும் குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் தெரியும். சேலத்தில் அது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. காத்திருக்க வேண்டும்தான். ஆனாலும் முதல் மதிப்பீட்டை அங்கே எடுத்துவிடுவது நல்லது என்பேன். அங்கே யாருக்கும் உங்களிடம் பேக்கேஜ் விற்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆட்டிசம் என்றால் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலில் பார்ப்பார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. துறுதுறுப்பும் கவனச்சிதறலும் மட்டும் இருக்கிற ஏ.டி.எச்.டி. இல்லை. இது தெரியாமல் அட்டைக்காக நடையாய் நடக்கிறவர்கள் உண்டு.

சரி, தனியார் சென்டர் என்று முடிவெடுத்தால்? போர்டில் ‘பிஹேவியர் தெரபிஸ்ட்’ என்று எழுதிக்கொள்ள பெயிண்டும் பிரஷும் போதும். அதனால் போர்டை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. என்பார்கள். அந்தப் பதிவுக்குத்தான் சி.ஆர்.ஆர். எண் என்று பெயர். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எண்ணை வாங்கிக்கொண்டு ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பெயர், படிப்பு, காலாவதித் தேதி மூன்றும் பொருந்த வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் பிசியோதெரபிஸ்ட்டும் இந்தப் பதிவுக்குள் வர மாட்டார்கள். அவர்களுக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அவர்களிடம் பட்டச் சான்றிதழைக் கேளுங்கள்.

இன்னொன்று, பதிவு எண் யாருடையது, குழந்தையோடு தினமும் உட்காரப்போவது யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. முதலில் போன சென்டரில் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் பேசிய மேடத்தை அப்புறம் பார்க்கவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்னப் பெண் பயிற்சி கொடுத்தாள். என்ன செய்தீர்கள் என்றால் ‘இன்னிக்கு நல்லா பண்ணான்’ என்பதுதான் பதில். ஆறு மாதத்தில் குணமாக்குவோம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். ஆட்டிசம் நோயே இல்லை, அதில் குணமாக்க என்ன இருக்கிறது?

இரண்டாவதாகக் கிடைத்த சிறப்பு ஆசிரியர் பயிற்சியை உடனே ஆரம்பிக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை அக்காவிடம் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னார். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள். இரண்டு வாரம் எழுதியதும் எங்களுக்கே தெரிந்தது. பாதிக்கு மேல் காலை எட்டு மணி வாக்கில், அடுப்பில் குக்கர் இருக்கும்போது. விசில் வரப்போகிறது என்ற பயத்திலேயே கையைக் கடித்திருக்கிறான். சமையல் நேரத்தை மாற்றினோம். காதைத் தொட்டுக் காட்டினால் வெளியே கூட்டிப்போவோம் என்று அவனுக்குப் பழக்கினோம். கடிப்பதை எப்படி நிறுத்துவது என்று மட்டும் பேசாமல், ஏன் கடிக்கிறான் என்று முதலில் கேட்பவரிடம் போங்கள். எழுத்தில் திட்டம் கேளுங்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்கிற இடம் எனக்கு ஒத்துவராது. கட்டிப்போடுவது, அடிப்பது, தனியறையில் அடைப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள்.

செலவுக்கு நிராமயா காப்பீடு இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு கிடையாது, சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. தெரபி செலவும் இதில் சேரும், அதற்கென உள்வரம்பு உண்டு. முதலில் நம் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். ஆகவே துண்டுச்சீட்டில் ரசீது தரும் இடம் உதவாது. தேதி, தெரபிஸ்ட் பெயர், முத்திரை உள்ள பில் வேண்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வாரம் மூன்று நாள் சேலம் வந்து போவது நடக்கிற காரியமா? 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் பிள்ளை பாதி நாள் வாந்தி எடுத்துவிடும். அவர்கள் முதலில் வட்டார வள மையத்தில் கேட்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கே இருப்பார்கள்; பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரவும் ஏற்பாடு உண்டு. சேலத்துக்கு வந்தே ஆக வேண்டுமென்றால் அரசுப் பேருந்துக்கான இலவசப் பயண அட்டையை ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை போனால் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுத்துவிட்டு வரலாம்.