சட்டைப் பித்தானில் தொடங்குவோம்

"இவனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க." அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோபி, காங்கேயம், பெருந்துறைப் பக்கமிருந்து என்னிடம் வரும் பெற்றோர் பலரும் உட்கார்ந்ததும் சொல்வது இதுதான். பையனிடம் பெயரைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார். எல்லாம் பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தாலேயே, கற்றுக்கொள்ளக்கூடியதையும் கற்காமல் வளர்ந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல. வளரும் பருவத்திலேயே தொடங்குவது. ஐக்யூ எனும் அறிவுத்திறன் அளவு சுமார் 70க்குக் கீழே இருப்பது பாதிக் கதைதான். குளிப்பது, பஸ் ஏறுவது, கடையில் மீதிச் சில்லறை வாங்குவது எப்படி என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம். பெரும்பாலோருக்கு இருப்பது லேசான வகை. டவுன் சிண்ட்ரோம் எனும் பிறவி மரபணு மாற்றம், பிரசவத்தில் மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் சில மரபணுக் கோளாறுகளுக்கு வாய்ப்பு கூடும். பிறவித் தைராய்டு குறைவைப் பிறந்த சில நாட்களிலேயே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால், பாதிப்பைப் பெருமளவு தடுத்துவிடலாம். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

இவர்களில் சிலருக்கு வலிப்பும் வரும், அதற்கு மருந்து உண்டு. புத்தியைக் கூட்ட மாத்திரை கிடையாது. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிருமுங்க" என்று விஷயத்தை மறைத்துச் செய்வது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

சரி, என்ன செய்யலாம்? பயிற்சிதான். சட்டை போடப் பழக்குவதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். பித்தானை முக்கால்வாசி நுழைத்துவிட்டு, மிச்சத்தை இழுக்க மட்டும் விடுங்கள். முடித்தது அவன்தான் என்பதால் அந்தச் சந்தோஷமும் அவனுக்கே. அது கைவந்ததும் பாதி நுழைத்துக் கொடுங்கள். அப்புறம் முழுப் பித்தான். வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டுக் கையைத் தட்டிவிடாதீர்கள்.

வேலையும் இப்படித்தான் பழகும். திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டவும், சென்னிமலையில் போர்வை மடிக்கவும் படிப்படியாகக் காட்டிக் கொடுத்தால் பலரால் முடியும். செய்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள். டீ வாங்கிக் கொடுப்பது கூலியாகாது.

"எங்களுக்கு அப்புறம் யாருங்க?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டையை எடுங்கள். மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. 18 வயதானபின் சட்டப்பூர்வப் பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். எல்லாருக்கும் அது தேவைப்படாது. லேசான குறைபாடு உள்ளவர் என்றால், எதற்குத் துணை வேண்டும் என்று முதலில் அவரையே கேளுங்கள்.