ஸ்டாக்கிங்: ‘இருப்பு’ வேண்டாம், குஞ்சு விடுதலே போதும்

பொரிப்பகத்தில் வளர்த்த சால்மன் குஞ்சுகளைத் தூண்டில்காரர்களுக்காக எந்த ஆற்றில் விடுவது? இதைப் பற்றிய தமிழாக்கங்களில் ‘இருப்பிடத் தேர்வு’ என்ற தொடர் ஓயாமல் கண்ணில் படுகிறது. இப்படிக் குஞ்சு விடுவதைக் குறிக்கும் ‘ஸ்டாக்கிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘இருப்பு செய்தல்’ என்று யாரோ எழுதி வைத்தார்கள். அதிலிருந்து கிளைத்தது இந்தத் தொடர். இரண்டுமே தவறு, இரண்டாவது பெருந்தவறு.

‘ஸ்டாக்’ பழைய ஆங்கிலத்தில் அடிமரத்தைக் குறித்தது. பிறகு வம்சம், சரக்கு, கால்நடை என்று விரிந்தது. மீன்துறையில் அதற்கு இரண்டு வேலை. பெயராக வந்தால், ஒரு நீர்நிலையில் வாழும் மீன்கூட்டம். வினையாக வந்தால், வேறிடத்தில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து நீரில் விடுவது.

முதல் பொருளுக்கு ‘இருப்பு’ பொருந்தும்; அதில் எனக்கு வழக்கில்லை. ‘இரு’ என்பது நிலையைச் சொல்லும் வினை. கையிருப்பு, நெல்லிருப்பு என்றால் உள்ளது, எஞ்சியது என்று பொருள். அதை ஒரு செயலுக்குப் பெயராக்கி, ‘செய்தல்’ என்று வால் ஒட்டினால், யார் எதை எங்கே செய்தார்கள் என்பதே மறைந்துபோகிறது. கெடுதல் அதோடு நிற்பதில்லை. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் விடும் சினூக் என்ற சால்மன் வகைக் குஞ்சுகளின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். அவற்றுக்கு இரையான ஏல்வைஃப் என்னும் சிறுமீன் அருகிவிட்டதே காரணம். பக்கத்து ஹூரான் ஏரியில் 2004 வாக்கில் ஏல்வைஃப் அழிந்ததும் சினூக்கும் சரிந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இதை ‘இருப்பு’க்காரர்கள் எழுதினால் எப்படி வரும்? ‘இரைமீன் இருப்பு குறைந்ததால் சால்மன் இருப்பு குறைக்கப்பட்டது.’ ஏரியில் இருந்த சால்மனைப் பிடித்துக் கொன்றார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். முதல் ‘இருப்பு’ வேறு, இரண்டாவது ‘இருப்பு’ வேறு என்று அவருக்கு யார் சொல்வது?

இனி ‘இருப்பிடம்’. இருப்பிடம் என்றால் வாழும் இடம். குஞ்சை விடும் ஆறு சால்மனுக்கு வாழும் இடமே அல்ல. கடலுக்கோ பெரிய ஏரிக்கோ இறங்கும் பருவத்தில்தான் குஞ்சுகளைப் பெரும்பாலும் விடுகிறார்கள். அவை ஆற்றைவிட்டுப் போய், வேறெங்கோ தின்று வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் திரும்புகின்றன. அப்போது வழிகாட்டுவது, இளமையில் நினைவில் பதிந்த நீரின் மணம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லர் ஆராய்ந்து காட்டியது இதைத்தான். மணம் நன்றாகப் பதியட்டும் என்று சில துறைமுகங்களில் குஞ்சுகளை வலைக்கூண்டில் சில வாரம் வைத்திருந்து பிறகு திறந்துவிடுகிறார்கள். ஆகவே எங்கே விடுவது என்ற கேள்விக்குள் சில ஆண்டுகள் கழித்து மீன் எங்கே திரும்ப வேண்டும் என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. கரையில் தூண்டில் போட இடம் உண்டா, ஏரியில் இரை போதுமா, பொரிப்பக மீன் வழிதவறி ஏறிக் கலந்துவிடக்கூடிய காட்டுச் சால்மன் ஆறு அருகில் உள்ளதா என்றெல்லாம் எடைபோடுகிறார்கள். ‘இருப்பிடத் தேர்வு’ என்று எழுதினால், மீன் தானே வசிக்க இடம் தேடியது என்றாகிவிடுகிறது. மனிதர் எடுத்த முடிவு, அதற்கு அவர்கள் சொல்ல வேண்டிய பதில், எல்லாம் ஒரு சொல்லில் காணாமல் போகின்றன.

‘நிரப்புதல்’ என்பாரும் உண்டு. நீர்நிலையை மீனால் யாரும் நிரப்புவதில்லை. ‘விதைத்தல்’ அழகான சொல். குஞ்சை ‘மீன் விதை’ என்று சொல்லும் வழக்கும் இருக்கிறது. ஆனால் விதைத்தது விதைத்த இடத்தில் முளைக்கும், சால்மன் அப்படியல்ல.

ஏரியில் மீன் வளர்ப்பவர் ‘குஞ்சு விட்டிருக்கிறோம்’ என்கிறார். ‘அணையில் மீன்குஞ்சுகள் விடப்பட்டன’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. இவ்வளவு தெளிவான சொல் வாயில் இருக்க, மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதல் வரியில் உள்ளதை எடுத்து ஒட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. சால்மனை ‘வஞ்சிரம்’ என்று எழுதுவதும் இதே சோம்பல்தான். வஞ்சிரம் வேறு குடும்பத்து மீன்; சால்மனை சால்மன் என்றே எழுதலாம்.

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதும் ‘விடுதல்’ ஆயிற்றே, குழம்பாதா என்று கேட்கிறார்கள். குழம்பாது. அது ‘பிடித்து விடுதல்’, இது ‘குஞ்சு விடுதல்’. கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன: விடுமிடம், விடும் பருவம், விடும் எண்ணிக்கை. மிச்சிகன் மாநிலம் ஆரிகன் மாநிலத்திலிருந்து முட்டை வரவழைத்து வளர்த்து 1966இல் விட்ட கோஹோ என்ற சால்மன் வகைக்கு பிளாட் ஆறு ஒரு விடுமிடம். கோஹோவை விடும் பருவம் ஏறத்தாழ ஒன்றரை வயது; சினூக்கைப் பொரித்த சில மாதங்களிலேயே விட்டுவிடலாம். இந்த வாக்கியங்களில் ‘இருப்பு’ எங்கே தேவைப்பட்டது?