எரிந்த தரை எதைச் சொல்லும்? வில்லிங்ஹாம் வழக்கும் தீயின் இயல்பும்

1991 டிசம்பர் 23 அன்று காலை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கோர்சிகானா என்னும் சிறு நகரத்தில் மரத்தாலான ஒரு சிறிய வீடு தீப்பிடித்து எரிந்தது. கிறிஸ்துமஸுக்குப் பரிசுப் பொருள் வாங்கத் தாய் வெளியே போயிருந்தார். வீட்டில் இருந்தவர்கள் 23 வயதுத் தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாமும், இரண்டு வயது மகளும், ஒரு வயது இரட்டைப் பெண் குழந்தைகளும் மட்டுமே. தந்தை வெறுங்காலுடன் வெளியே ஓடிவந்து பிழைத்தார். குழந்தைகள் மூவரும் புகையால் மூச்சடைத்து இறந்தார்கள். அவர்களைக் கொல்வதற்காக வீட்டுக்குத் தீ வைத்தார் என்று 1992 ஆகஸ்டில் வில்லிங்ஹாமுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 17 அன்று விஷ ஊசி போட்டு அது நிறைவேற்றப்பட்டது. இறுதிவரை அவர் குற்றத்தை மறுத்தார். ஆயுள் தண்டனையோடு முடித்துக்கொள்ளலாம் என்று விசாரணைக்கு முன் அரசுத் தரப்பு முன்வந்தபோதும் அதை ஏற்கவில்லை.

அவர் குற்றவாளியா, நிரபராதியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பெரும்பாலும் அது அவருடைய குணத்தைச் சுற்றியே நடக்கிறது. மனைவியை அடித்தவர் என்பது உண்மை. வீடு எரிந்துகொண்டிருந்தபோது தன் காரை நகர்த்தி நிறுத்தினார் என்றும், அவருடைய அழுகை உண்மையானதாகத் தோன்றவில்லை என்றும் சாட்சிகள் சொன்னார்கள். ஆனால் எந்தக் கொலை வழக்கிலும் 'யார் கொன்றது' என்று கேட்பதற்கு முன் 'கொலை நடந்ததா' என்ற கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும். மின்கசிவாலோ வேறொரு விபத்தாலோ பற்றிய தீ என்றால் அங்கே கொலையாளி என்று எவரும் இல்லை. ஆகவே இந்த வழக்கின் ஆணிவேர் அந்த மனிதரின் குணத்தில் இல்லை. எரிந்த தரையில் இருக்கிறது. அந்தத் தரையை அன்று படித்தவர்கள் தவறாகப் படித்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, ஓர் அறை எப்படி எரிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விறகு அடுப்பு எரிந்த சமையற்கட்டை அறிந்தவர்களுக்கு இதன் முதல் பாதி தெரிந்ததுதான். புகை நேராக மேலே போய்க் கூரைக்கடியில் படரும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு முட்டாது, எழுந்து நின்றால்தான் கண் எரியும். மூடிய அறையில் சோபாவோ மெத்தையோ பற்றிக்கொள்ளும்போதும் இதுவே நடக்கிறது. சூடான வாயுக்களும் கரித்துகள்களும் கூரைக்கடியில் ஓர் அடுக்காகத் திரள்கின்றன, அதன் கீழே ஓரளவு தெளிந்த, குளிர்ந்த காற்று நிற்கிறது. தீ வளர வளர மேலடுக்கு தடித்துக் கீழே இறங்குகிறது. அதன் வெப்பம் ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது நிலைமை திடீரென மாறுகிறது. அந்த அடுக்கு முழுவதும் ஒரு பெரிய கணப்பைப் போலக் கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. தரைமட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோவாட் அளவுக்கு வெப்பம் விழுகிறது. உச்சிவெயில் தருவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் கடுமை புரியும். அந்த வெப்பத்தில் விரிப்பு, திரைச்சீலை, மேசை, தரைப்பலகை எல்லாமே எரியக்கூடிய வாயுக்களை உமிழ்ந்து, சில நொடிகளுக்குள் ஒருசேரப் பற்றிக்கொள்கின்றன. அதுவரை அறைக்குள் ஏதோ ஒரு பொருள் எரிந்துகொண்டிருந்தது. இப்போது அறையே எரிகிறது. இந்தத் திருப்பத்துக்குத் தீயியலாளர்கள் வைத்த பெயர் ஃப்ளாஷ்ஓவர். கோர்சிகானாவில் குழந்தைகளின் அறைச் சன்னல்கள் வெடித்து நெருப்பு வெளியே பீறிட்டதை அண்டை வீட்டார் கண்டார்கள். அது இந்தத் திருப்பத்துக்குரிய அடையாளம்.

ஃப்ளாஷ்ஓவருக்குப் பிறகு அறையில் எரிபொருளுக்குக் குறைவில்லை, ஆக்சிஜனுக்குத்தான் பஞ்சம். எனவே தீ எங்கே தொடங்கியதோ அங்கே கடுமையாக எரியாமல், காற்று எங்கே நுழைகிறதோ அங்கே மூர்க்கமாக எரிகிறது. ஊதாங்குழலின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து விறகுதானே கனன்று சிவக்கிறது? வாசற்படி, உடைந்த சன்னல், நடைவழி ஆகிய இடங்களில் தரை ஆழமாகக் கருகுவதும், கரி திட்டுத்திட்டாக, குட்டை தேங்கியது போன்ற வடிவங்களில் படிவதும் இதன் இயல்பான விளைவுகள். குழந்தைகளை மீட்பதற்காகத் தாமே சன்னல்களை உடைத்ததாக வில்லிங்ஹாம் கூறியிருந்தார். அவ்வாறு உடைக்கப்பட்ட சன்னல் ஒவ்வொன்றும் அந்தத் தீக்கு ஒரு புதிய ஊதாங்குழலாக இருந்திருக்கும்.

1991-இல் அந்த வீட்டை ஆராய்ந்த விசாரணையாளர்கள் இதே அடையாளங்களைத்தான் கண்டார்கள். ஆனால் அவர்கள் வேறொரு பாடத்தில் பயின்றவர்கள். நெருப்பு மேல்நோக்கியே போகும், ஆகவே தரை ஆழமாகக் கருகியிருந்தால் எளிதில் தீப்பற்றும் திரவத்தை யாரோ ஊற்றியிருக்க வேண்டும் என்பது அந்தப் பாடம். குழந்தைகள் அறையிலும் நடைவழியிலும் வாசலிலும் கரித்திட்டுகளைக் கண்டவர்கள், மூன்று இடங்களில் தனித்தனியாகத் தீ வைக்கப்பட்டது என்று முடிவு கட்டினார்கள். சன்னல் கண்ணாடியில் சிலந்தி வலைபோல ஓடியிருந்த நுண்விரிசல்களைப் பார்த்து, திரவம் எரிந்து சட்டென்று எழுந்த வெப்பமே காரணம் என்றார்கள். வாசலில் பதித்திருந்த அலுமினியத் தகடு உருகியிருந்ததையும் அதே கணக்கில் சேர்த்தார்கள்.

இந்தக் கைமரபு அறிவு ஆண்டுக்கணக்கில் ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு வளர்ந்ததே தவிர, அதை எவரும் எரித்துப் பார்த்துச் சோதித்ததில்லை. சோதித்தபோது அது நிற்கவில்லை. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 1990-இல் 6 பேர் இறந்த ஒரு தீவிபத்தில், குடும்பத் தலைவரே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. அரசுத் தரப்புக்காக வந்த ஜான் லென்டினி, ஜான் டீஹான் என்னும் இரு வல்லுநர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது: பக்கத்திலேயே ஏறத்தாழ அதே அமைப்பில் ஒரு காலி வீடு இருந்தது. அதே வகை விரிப்பும் திரைச்சீலையும் சோபாவும் போட்டு, திரவம் எதுவும் ஊற்றாமல் சோபாவுக்கு மட்டும் தீ வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஃப்ளாஷ்ஓவர் வந்துவிட்டது. அணைத்த பின் பார்த்தால், தரையில் 'ஊற்றிய தடம்' போலவே கருக்கல். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அரசுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்களே தங்கள் கணிப்பைத் தீயில் இட்டுப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள் என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன்.

கண்ணாடிக் கதையும் அப்படித்தான். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் குன்றுகளில் பரவிய பெருந்தீக்குப் பிறகு, எரிந்த 50 வீடுகளை லென்டினியின் குழு ஆராய்ந்தது. எவரும் பெட்ரோல் ஊற்றாத அந்த வீடுகளுள் 12-இல் அதே நுண்விரிசல்கள் இருந்தன. ஆய்வகத்தில் கண்ணாடியை எவ்வளவு வேகமாகச் சூடாக்கினாலும் அவை வரவில்லை. சூடான கண்ணாடிமேல் தண்ணீர் பட்டபோது வந்தன. எரிகிற அரிக்கேன் விளக்கின் சிம்னிமேல் ஒரு துளி நீர் தெறித்தால் என்ன ஆகும் என்பதை அறிந்த பாட்டிமார் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சிய நீரின் தடயம், தீ வைத்தவரின் தடயமாக நீதிமன்றங்களில் பேசப்பட்டு வந்திருக்கிறது. அலுமினியத்தைப் பொறுத்தவரை, அது 660 டிகிரியில் உருகக்கூடியது. பெட்ரோல் இல்லாமலே நன்கு பற்றி எரியும் அறையின் வெப்பம் அதைத் தாண்டிவிடும்.

இது ஓரிருவரின் கவனக்குறைவு அன்று. 2005-இல் லாஸ் வேகஸில் நடந்த ஒரு பயிற்சியில், ஃப்ளாஷ்ஓவருக்குப் பின் சுமார் இரண்டு நிமிடம் எரியவிடப்பட்ட இரு அறைகளைத் தீ விசாரணையாளர்கள் 53 பேரிடம் காட்டி, ஒவ்வோர் அறையிலும் தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று கேட்டார்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 13 பேராவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் அறைக்கு 3 பேர்தான். கரி எங்கே ஆழமாக இருந்ததோ அங்கே அவர்கள் கைகாட்டினார்கள். அங்கேதான் காற்று நுழைந்திருந்தது.

வில்லிங்ஹாமின் வெறுங்கால்களுக்கு வருகிறேன். அவர் பாதங்களில் தீக்காயம் இல்லை. எரிகிற நடைவழியில் ஓடிவந்தவருக்குப் பாதம் புண்ணாகாமல் இருக்குமா, ஆகவே திரவத்தை ஊற்றிப் பற்றவைத்துக்கொண்டே பின்வாங்கி வெளியேறியவர்தான் அவர் என்பது அரசுத் தரப்பின் வாதம். கேட்பவருக்கு இது நியாயமாகத்தான் படும். ஆனால் ஃப்ளாஷ்ஓவருக்கு முந்தைய நிமிடங்களில் வெப்பம் முழுவதும் மேலே இருக்கிறது, தரை குளிர்ந்தே இருக்கிறது. தலைமுடி பொசுங்கி, தோளில் சூடு பட்டு, பாதம் மட்டும் தப்பிய ஒருவரை அந்தச் சில நிமிடங்கள் உருவாக்கக்கூடும். அவரிடம் காணப்பட்ட காயங்கள் அவ்வகையானவையே.

வேதியியல் சான்று என்று ஒன்றே ஒன்று இருந்தது. எரிந்த வீட்டிலிருந்து எடுத்த மாதிரிகளில் வாசற்படியருகே கிடைத்த ஒன்றில் மட்டும் பெட்ரோலிய வகைத் திரவத்தின் சுவடு காணப்பட்டது. அந்த முகப்பில் கரி அடுப்பும், அதைப் பற்றவைக்கும் திரவப் புட்டியும் இருந்தன. குழந்தைகள் அறையிலிருந்தும் நடைவழியிலிருந்தும் எடுத்தவற்றில் எதுவும் இல்லை.

அவர் குற்றவாளியே என்போர் முன்வைக்கும் மற்ற சான்றுகளையும் சொல்லியாக வேண்டும். சிறையில் தம்மிடம் அவர் ஒப்புக்கொண்டதாக ஒரு கைதி சாட்சி சொன்னார். பின்னாளில் அந்தக் கைதியே அது பொய் என்றார். முன்னாள் மனைவியும் தம்மிடம் அவர் ஒப்புக்கொண்டதாகப் பிற்காலத்தில் அறிவித்தார். ஆனால் அதற்கு முன் அந்த முன்னாள் மனைவி கூறியவை வேறாக இருந்தன. அரசு வழக்கறிஞர் தம் நிலையிலிருந்து மாறவே இல்லை. அறிவியலால் வில்லிங்ஹாம் நிரபராதி என்று நிறுவ முடியாது. தீ எப்படித் தொடங்கியது என்பதை அந்தத் தரையிலிருந்து சொல்லவே முடியாது என்பதுதான் அதன் முடிவு. 'காரணம் அறிய இயலவில்லை' என்ற அந்த விடையை 1992-இல் எழுதியிருந்தால், நடுவர் குழுவின் முன் கொலை வழக்கு என்று ஒன்று போயிருக்க வழியில்லை.

தண்டனை நிறைவேறுவதற்குச் சில நாள்களுக்கு முன், ஆஸ்டினைச் சேர்ந்த வேதியியலாளர் ஜெரால்ட் ஹர்ஸ்ட் இவற்றையெல்லாம் எடுத்துரைத்து ஓர் அறிக்கை எழுதினார். அது கருணை வாரியத்துக்கும் ஆளுநர் ரிக் பெரியின் அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டும் தண்டனை நிற்கவில்லை. 2009 ஆகஸ்டில் டெக்சாஸ் தடயவியல் ஆணையத்துக்காக கிரெய்க் பெய்லர் என்ற தீ அறிவியலாளர் அளித்த அறிக்கையும், தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது. அதன்மீதான விசாரணைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஆளுநர் ஆணையத்தின் தலைவரை மாற்றினார்.

அதே டெக்சாஸில் எர்னஸ்ட் வில்லிஸ் என்பவர், 1986-இல் இரண்டு பெண்கள் இறந்த ஒரு வீட்டுத் தீயை மூட்டினார் என்று மரண தண்டனை பெற்றிருந்தார். தரையில் கரித்திட்டுகள், ஊற்றிய தடங்கள், காயமில்லாத பாதங்கள் என்று அங்கும் அதே சான்றுகள். அந்த வழக்கை மறுபடி நடத்துவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் ஹர்ஸ்டையே அழைத்து ஆராயச் சொன்னார். தீ வைக்கப்பட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றார் ஹர்ஸ்ட். 2004 அக்டோபரில், வில்லிங்ஹாம் இறந்து எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 17 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் வில்லிஸ் வெளியே வந்தார்.