சர்டிபிகேட் கேட்டு வருவதற்கு முன்னால்

ராணுவ ஊனமுற்றோர் பென்ஷனுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்டு என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளிப் பக்கம். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு இப்போது ஒரு வங்கி வாசலில் காவல் நிற்கிறார். மஞ்சள் பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து மேசையில் வைத்தார். முழங்காலுக்குக் கீழே ராடு.

“எலும்பு நல்லாக் கூடிருச்சு சார். நீங்க 40 பெர்சன்ட்னு ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடுத்தா பென்ஷன் வந்துரும்னு சொல்றாங்க.”

யார்தான் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்களோ! நானும் சில வருடம் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவன். மெடிக்கல் போர்டில், அதாவது வீரர்களின் உடல்நிலையைச் சோதித்து முடிவு சொல்லும் டாக்டர்கள் குழுவில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். அதனால் ஒரே ஒரு தடவை விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

40 சதவீதம் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் வரும் அளவு. அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாம் அதை வைத்து. படைவீரர் ஊனமுற்றோர் பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே குறைந்தபட்சம் 20 சதவீதம் போதும். ஆனால் அந்த 20-ஐப் போட வேண்டியது நானோ ஜி.எச். டாக்டரோ அல்ல, ராணுவ மெடிக்கல் போர்டு. சதவீதம் மட்டும் இருந்தாலும் போதாது. காயம் பணியால் வந்தது, அல்லது பணியால் மோசமானது என்று ஏற்க வேண்டும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். நான் 40 என்ன, 80 என்று எழுதினாலும் அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. (20 கிடைத்தாலே 50 ஆகக் கணக்கிடும் விதி 1996-லிருந்து இருக்கிறது. முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் அது உண்டு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 21.9.2023 முதல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பின் வெளியே வந்தவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும்.)

சரி, அவர் கதைக்கு வருவோம். குத்தவைத்து உட்காரச் சொன்னேன். இடது குதிகால் தரையைத் தொடவில்லை, இரண்டு விரல் கடை மேலே நின்றது. கணுக்கால் மடங்கவில்லை. எலும்பு கூடியதாம்! கணுக்கால் என்ன ஆச்சு என்று யாராவது பார்த்தார்களா? கடற்கரை மணலில் நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது என்கிறார்.

“போர்டுல இதைச் சொன்னீங்களா தம்பி?”

“இல்ல சார். ஷேப்-1 கிடைக்காட்டி புரமோஷன் போயிருமேன்னு வலியே இல்லன்னுட்டேன். வெளிய வர்றப்பவும் அதையே சொல்லிட்டேன்.” (ஷேப்-1 என்பது முழு உடல்தகுதி என்று ராணுவம் தரும் மருத்துவத் தரம்.)

இதுதான் வயிற்றெரிச்சல். யூனிட் விளையாட்டு நேரத்தில் வாலிபால் ஆடும்போது முறிந்த கால். அது பணிதான். ஆனால் அன்றைக்கு எழுதிய இன்ஜுரி ரிப்போர்ட்டின் நகல் கையில் இல்லை. “அதெல்லாம் ஹவில்தார் பாத்துக்கிட்டாரு சார்” என்கிறார்.

முந்தின வாரம் வந்தவர் கதை வேறு. லீவில் வந்து, விடியற்காலையில் மீன் வாங்கப் போன இடத்தில் பைக்கிலிருந்து விழுந்தார். கட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, எக்ஸ்ரே கூட எடுக்காமல், லீவு முடிந்ததும் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். லீவில் சொந்த வேலையாகப் போய் விழுந்தால் பென்ஷன் கிடைப்பது கஷ்டம். 2011-லேயே உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கைத் தள்ளியிருக்கிறது. லீவுக்கு ஊர் வரும் பயணமும் திரும்பும் பயணமும் வேறு கணக்கு. விதிப்படி அது பணியாகவே எடுத்துக்கொள்ளப்படும். ரயில் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

சர்வீஸில் இருக்கிற பிள்ளைகளே, கால் முறிந்த அன்றே ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். லீவில் முறிந்தால் பக்கத்து ராணுவ மருத்துவமனைக்கோ யூனிட்டுக்கோ உடனே தகவல் கொடுங்கள். கட்டு வைத்தியம் பிறகு. போர்டில் வீரம் காட்டாதீர்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள், எழுதிக்கொண்டார்களா என்றும் பாருங்கள்.

வெளியே வந்துவிட்டவர்கள் முதலில் உங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். மறுப்புக் கடிதம் வந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குப் பிறகும் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் மூன்று வருட நிலுவைதான் கிடைக்கும். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

உச்சிப்புளிக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியை உப்புக்காற்று அரித்துவிட்டதாம். டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டும் பிழைத்திருக்கிறது. அதைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து எழுதித் தருகிறேன். சதவீதம் எழுத மாட்டேன்.