சிஏஏ படிவத்துக்குப் பணம் கட்டாதீர்கள், பிறந்த தேதியைப் பாருங்கள்

“நாங்களும் இந்துதானே அண்ணா, சிஏஏ-வில எழுதிப் போட்டா குடியுரிமை தருவாங்களாமே?” இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து பெயிண்ட் வேலைக்குப் போகும் ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கும்போதே கையில் நிரப்பிய படிவம் இருந்தது. நிரப்பிக் கொடுத்த புரோக்கர் 3,000 ரூபாய் வாங்கியிருந்தான். அவருக்கு நாலு நாள் கூலி.

தர மாட்டார்கள். சிஏஏ என்பது 2019இல் வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தம். அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. பவானிசாகர், அரச்சலூர், பூலுவபட்டி முகாம்களில் இருப்பவர்களும் தங்கள் நாட்டில் மதச் சிறுபான்மையினர்தானே என்றால், நியாயமான கேள்விதான். ஆனால் படிவத்தில் அதற்கு இடம் வைக்கவில்லை.

2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவையும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். 2015 ஜனவரி 9க்குள் வந்து, பதிவு செய்துகொண்டு தங்கியிருக்கும் இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது. உத்தரவு சொல்வது அவ்வளவுதான். தண்டனையிலிருந்து விலக்கு வேறு, குடியுரிமை வேறு. ‘பதிவு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவர்கள் போலீஸ் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, வழியே இல்லையா? சிலருக்கு இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரியாது.

1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அது. 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்த குடும்பங்களில், வந்த கையோடு இங்கே பிறந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு நாற்பதை ஒட்டிய வயது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். இவர்கள் குடியுரிமை கேட்டு மனுப்போட வேண்டியதில்லை. இருப்பதை நிரூபித்தால் போதும்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதனால் 1986இல் இங்கே பிறந்த அம்மாவுக்கு 2003இல் இங்கே பிறந்த மகனும் இந்தியன்தான். 2004 டிசம்பர் 3இலிருந்து கதவு இறுகிவிட்டது. ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. படகில் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் அதுதான். சத்தியமங்கலத்துப் பெண் முகாம் பையனைக் கட்டிக்கொண்டால், 2002இல் பிறந்த மூத்ததற்குச் சிக்கல் இல்லை, 2006இல் பிறந்த இளையதற்குச் சிக்கல். ஒரே வீடு, ஒரே தாய். இதைச் சட்டம் எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஏழு வருடம் தங்கியிருந்தால் இந்திய வம்சாவளியினர் மனுச் செய்யலாம் என்ற 5ஆம் பிரிவைக் காட்டியும் பணம் பிடுங்குகிறார்கள். அதிலும் இதே சட்டவிரோதக் குடியேறி என்ற முள் இருக்கிறது. முப்பது வருடம் இருந்திருந்தாலும் குத்தும்.

எல்லாம் கடைசியில் பிறப்புச் சான்றிதழில் வந்து நிற்கும். முகாம் குடும்ப அட்டையில் வயது இருக்கும், ‘பிறந்த இடம்’ இருக்காது, இல்லாவிட்டால் பெற்றோரின் ஊரையே எழுதியிருப்பார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது. பிறப்பைப் பதியவே இல்லை என்றால், பிறந்த ஊரின் பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்கி, பிறகு கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுக்கொடுக்க வேண்டும். இங்கேதான் அலைய விடுவார்கள். நான் ஒருவரோடு போன அலுவலகத்தில், பிறந்த ஊருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், இப்போது குடியிருக்கும் மாவட்டத்தில் கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை, “முகாம் ஆளுங்களுக்கு இதெல்லாம் வராதுங்க” என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாய்ச்சொல்லை நம்பித் திரும்பாதீர்கள். தாமதப் பதிவு பிறந்த இடத்தில்தான், குடியிருக்கும் இடத்தில் அல்ல. மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போடுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்து இருந்தால்தான் நீதிமன்றம் போக முடியும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஈரோடோ கோவையோ, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், அங்கே போனால் போதும்.

வெளிநாட்டில் சொந்தம் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். கனடாவில் அக்கா கூப்பிடுகிறாள் என்று, இங்கே 1987க்கு முன் பிறந்தவர்கூடச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கைக் குடிமகனாகப் பதிந்து பாஸ்போர்ட் வாங்கப் போகிறார். தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும், அது 9ஆம் பிரிவு. உங்கள் பிறந்த தேதியையும் இடத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

முகாமுக்கு வெளியே ஒரு முகவரி கொடுத்து இந்திய பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பவனிடம் போகவே வேண்டாம். விமான நிலையத்தில் பிடிபட்டால் ஜெயிலுக்குப் போவது நீங்கள்தான், அவன் போனை ஆஃப் பண்ணியிருப்பான்.